முப்பது வயது ஸ்பீக்கர்: எது உதிரும், எது நிலைக்கும்

நங்கநல்லூரில் ஒரு வீட்டுக் கூடம். பழைய வேட்டியால் போர்த்தி வைத்திருந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரை வீட்டுக்காரர் திறந்து காட்டினார். இடுப்பளவு உயரம், வால்நட் வெனீர், பெட்டியில் ஒரு கீறல் கிடையாது. 1980களின் கடைசியில் துபாயில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தாராம். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, தாழ் ஒலியை எழுப்பும் வூஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த கறுப்பு நுரை வளையத்தின் மேல் சுட்டுவிரலை மெல்ல வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் நுனியில் கரிப்பொடியும் பிசினும் கலந்தாற்போல் ஒரு பிசுக்கு. “நேற்றுகூடப் பாடியதே சார்” என்றார் அவர், முகம் வாடி. அவர் சொன்னதில் பொய்யில்லை. நுரை செத்த பிறகும் ஸ்பீக்கர் பாடும். ஜலதோஷம் பிடித்த பாகவதர் பாடுவதுபோலப் பாடும். கேட்ட விலையில் பாதிக்கும் கீழே அன்று பேரம் படிந்தது. நுரையை மாற்ற எனக்கு ஆன செலவு, நான்கு பேர் நல்ல ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் காசு.

உயர்தர ஸ்பீக்கரைப் புதிதாக வாங்கலாமா, பழையதாகத் தேடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். முதுமை ஒரு ஸ்பீக்கரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தின்பதில்லை. நுரை, ஒலியைப் பிரித்து அனுப்பும் பலகையில் உள்ள கெபாசிட்டர், உச்ச ஒலியை எழுப்பும் ட்வீட்டரின் உள்ளே இருக்கும் எண்ணெய், சில இடங்களில் பசை, அவ்வளவுதான். பெட்டியும் காந்தமும் கூம்பும் அவற்றை வடிவமைத்த மூளையும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. விலை மட்டும் மொத்தத்துக்கும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. பழசு வாங்குகிறவரின் லாபம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. அவருடைய ஆபத்தும் அங்கேதான்.

கைபேசியையும் தொலைக்காட்சியையும் வாங்கிப் பழகியதால்தான் பழசு என்றதும் நமக்குக் கை கூசுகிறது. 2008இல் வாங்கிய கைபேசி இன்று மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்கத்தான் உதவும். 1968இல் செய்த ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு முனைகள் இருக்கும். இன்று காலை கடையிலிருந்து வந்திறங்கிய ஆம்ப்ளிஃபயரின் கம்பியை அவற்றில் மாட்டினால் பாடும். நடுவில் செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை, மென்பொருள் இல்லை. மென்பொருள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இணையம் வழியாகப் பாடும் ஸ்பீக்கர்களைச் செய்யும் சோனோஸ் நிறுவனத்தின் கதை இருக்கிறது. தனது பழைய கருவிகள் சிலவற்றுக்கு அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு கிடையாது என்று அந்த நிறுவனம் 2020 ஜனவரியில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த கூம்புக்கும் காந்தத்துக்கும் ஒரு நோயும் இல்லை.

ஸ்பீக்கரின் இயற்பியலும் பெரிய பகுதி எழுதி முடிக்கப்பட்ட பாடம். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து முழுமையாக்கினார். ஒரு வூஃபரின் கூம்பு எடை, விறைப்பு, காந்த வலிமை முதலிய சில எண்களை அளந்துவிட்டால், அதற்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும், காற்றுக்குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு முன்பு தச்சரும் பொறியாளரும் பெட்டியை அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய ஸ்பீக்கர் நிறுவனங்களும் அந்த இருவர் பெயரைத் தாங்கிய எண்களைத்தான் வைத்துக் கணக்கிடுகின்றன.

இரண்டாவது பெரிய பாடம் ஒட்டாவாவில் எழுதப்பட்டது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்பவர் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் ஆட்களைக் கேட்கச் செய்து மதிப்பெண் வாங்கினார். 1985, 1986இல் வெளிவந்த அவருடைய கட்டுரைகளின் சாரம் எளிமையானது. நேர் முன்னால் ஒலி ஏற்ற இறக்கமின்றிச் சமமாகவும், பக்கவாட்டில் போகும் ஒலி சீராகவும் இருக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். பிறகு ஹார்மன் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தில், ஷான் ஆலிவ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து அதே ஸ்பீக்கர்களைத் திரையோடும் திரையின்றியும் மதிப்பிடச் சொன்னார். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு சின்ன, மலிவான ஸ்பீக்கர், கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. 1994இல் வெளியான அந்த ஆய்வை, ஷோரூமுக்குள் நுழையும் முன்பு எல்லோரும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். புது ஸ்பீக்கரின் பளபளப்புக்கும் காதுக்கும் நடுவே கண் உட்கார்ந்திருக்கிறது.

எனவே எந்தக் காலத்துப் பழசு என்று கேட்டால், என் கை 1990க்கும் 2010க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளை நோக்கித்தான் நீளும். அதற்குள் இந்தப் பாடங்கள் பொறியாளர்களின் மேசைக்கு வந்துவிட்டன. கணினியில் அளக்கும் கருவிகள் சிறு நிறுவனங்களின் கைக்கு எட்டின. விளிம்பு வளையத்துக்கு நுரையை விட்டு ரப்பருக்குப் பலர் மாறியிருந்தார்கள். 1970களின் ஸ்பீக்கர்களில் அழகும் வரலாறும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பொறுக்க வேண்டும், சுமாரானவையும் அதே பழைய மரமும் பித்தளைப் பெயர்ப்பலகையும் சூடிக்கொண்டு வரிசையில் நிற்கும்.

விலைக்கு ஒரு உதாரணம். பிரிட்டனின் பி அண்ட் டபிள்யூ நிறுவனம் 1998இல் நாட்டிலஸ் 801 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. 15 அங்குல வூஃபர், தலைக்கு மேல் கண்ணீர்த்துளி போல் ஒரு கூடு, அதில் மஞ்சள் நிறக் கெவ்லார் இழைக் கூம்பு, அதற்கும் மேலே குழாய் வடிவத்தில் ட்வீட்டர். ஒன்றின் எடையே ஏறத்தாழ 100 கிலோ. அமெரிக்காவில் அன்று ஜோடி விலை 11,000 டாலர். அதன் வாரிசான 801 டி4 2021இல் வந்தபோது விலை 35,000 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 1998இன் 11,000 டாலர் என்பது 2021இல் 18,000 டாலரைச் சற்றே தாண்டும். ஆக, அதே வரிசையில் அதே இடத்தில் நிற்கும் ஸ்பீக்கரின் உண்மை விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பழைய நாட்டிலஸோ அதன் அன்றைய விலையிலேயே பாதிக்கும் கீழே கைமாறுகிறது. புதியதில் முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கெவ்லாரை 2015இல் கைவிட்டு வேறு கூம்புக்கு மாறினார்கள், பெட்டி இன்னும் இறுகியது, ட்வீட்டர் வைரமாயிற்று. இவையெல்லாம் சேர்ந்து விலையில் தெரியும் அளவுக்குக் காதிலும் தெரிகின்றனவா என்பதை 801 வாங்கும் வசதி உள்ளவர்களே சொல்லட்டும். நம் ஊரில் இந்த விலைகளோடு சுங்கவரியும் ஜிஎஸ்டியும் விநியோகஸ்தரின் பங்கும் சேர்ந்துகொள்ளும் என்பதால், புதுசுக்கும் பழசுக்கும் உள்ள பள்ளம் இன்னும் ஆழம்.

பழசின் பலம் பெரிய பெட்டிகளில் தெரிவதுபோல் சின்னப் பெட்டிகளில் தெரிவதில்லை. இதற்கு ஒரு விதி காரணம். கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் (புகழ்பெற்ற பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன்) சொன்னது: ஆழ்ந்த தாழ் ஒலி, சின்னப் பெட்டி, குறைந்த வாட்டில் உரத்த சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இரும்பு விதி என்று இதற்குப் பெயர். மூன்றில் பெட்டியின் அளவை விட்டுக்கொடுத்தவர்கள் பழைய காலத்தவர்கள். மரத்தையும் காந்தத்தையும் அள்ளிப் போட்டார்கள். அந்த மரமும் இரும்பும் இன்று புதிதாக வாங்கினால் கொள்ளை விலை. ஒன்றரை லட்சம் ரூபாயோடு கடைக்குப் போனால் அலமாரியில் வைக்கும் அழகான சின்ன ஜோடி ஒன்று கிடைக்கும். அதே பணத்தோடு பழைய சந்தையில் பொறுமையாக ஆறு மாதம் அலைந்தால், மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி எழும்பும்போது வயிற்றில் தட்டுகிற, தாழ், நடு, உச்ச ஒலிக்குத் தனித்தனி உறுப்புள்ள மூன்று வழி ஸ்பீக்கர் வீட்டுக்கு வரும். எனக்கு இது போதும்.

பழசு என்றால் மலிவு என்று நினைத்துவிடவும் கூடாது. பிபிசியின் எல்எஸ்3/5ஏ இதற்கு நேர் எதிரான கதை. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை என்பதால், 1970களின் முதல் பாதியில் பிபிசி ஆய்வுக்கூடமே வடிவமைத்த குட்டிப் பெட்டி அது. உயரம் 30 சென்டிமீட்டர், உள்ளே ஐந்து லிட்டர் காற்று. கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் அதில் இருந்தன. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்தன. (ஸ்பென்சர், டோரதி தம்பதியின் பெயர் சேர்ந்து ஸ்பெண்டார். பிபிசியில் இருந்த டட்லி ஹார்வுட், மனைவி எலிசபெத்தின் பெயரின் வாலைத் தன் பெயரோடு சேர்த்து ஹார்பெத். ஆங்கிலேயப் பொறியாளர்களின் காதல் இப்படித்தான் வெளிப்படும்போல.) பேச்சுக் குரலுக்கு அதன் உண்மைத்தன்மை அபாரம். ஆனால் தாழ் ஒலி அதிகம் வராது, கொடுக்கிற வாட்டுக்கு ஏற்ற சத்தமும் வராது. கெஃப் அந்த ட்ரைவர்களை (வூஃபர், ட்வீட்டர் போன்ற ஒலியெழுப்பும் உறுப்புகளுக்குப் பொதுப்பெயர்) நிறுத்தியதும் 1998 வாக்கில் உற்பத்தி நின்றது, அன்றிலிருந்து சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பழைய 15 ஓம் ஜோடிக்குச் சிலர் கொடுக்கிற பணத்தில் வேறு நல்ல ஸ்பீக்கரோடு ஆம்ப்ளிஃபயரும் வாங்கலாம். அது இசைக்கான விலை மட்டும் அல்ல, நினைவுச்சின்னத்துக்கான விலை. பழைய சந்தையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நுரைக்கு வருகிறேன். 1970கள், 80களில் வூஃபர் விளிம்புக்குப் பாலியூரித்தேன் நுரையை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். லேசானது, மென்மையானது, மலிவு. அதன் எதிரி ஈரக்காற்று. நீர் மூலக்கூறுகள் நுரையின் வேதிப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டுகின்றன. ஸ்பீக்கரைப் பாட விட்டாலும் சும்மா வைத்தாலும் இது நடக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் வளையம் பொடியாகிவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரமே. “பெட்டியைத் திறக்கவே இல்லை, புதுசு போல” என்று விற்பவர் சொன்னால் அதில் மயங்காதீர்கள். திறக்காத பெட்டிக்குள்ளும் நுரை செத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். பழைய நுரையின் மிச்சத்தையும் பசையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஊறவைத்துச் சுரண்ட வேண்டும்; இதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். புது வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டி உலர விடுவார்கள். பிறகுதான் வெளி விளிம்பை இரும்புச் சட்டத்தில் ஒட்டுவது. சூட்சுமம் இந்த இரண்டாவது ஒட்டில் இருக்கிறது. கூம்பின் அடியில் தொங்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தின் நடுவே உள்ள ஒடுங்கிய வட்ட இடுக்கில் எதன் மேலும் உரசாமல் ஏறி இறங்க வேண்டும். இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் இடைவெளி. பசை காயும் முன்பு 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லக் கொடுத்தால் கூம்பு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். அப்போது விளிம்பை இம்மி இம்மியாக நகர்த்தி, உரசல் சத்தம் அடங்கும் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் வூஃபரில் எனக்கு மூன்று முறை பிடித்தது. இரண்டாவதில் ஒரே முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டும் தொழில் இருக்கும்வரை, எரிந்த காயிலை மாற்றிக் கூம்பு ஒட்டித் தரும் கடைகளும் இருக்கும். சென்னை ரிச்சி தெருவைச் சுற்றி விசாரித்தால் கைகாட்டுவார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் பழகியது மைதானம் அதிரப் பாடும் ஸ்பீக்கர். வீட்டு ஸ்பீக்கரைக் கொடுத்தால், நுரைதானே போயிருக்கிறது என்று விடாமல், கூம்பையும் காயிலையும் சேர்த்துப் புதுசாக்கித் தந்துவிடுவார்கள். கூம்பின் எடையும் விறைப்பும் மாறினால், தீலும் ஸ்மாலும் கணக்கிட்ட எண்கள் எல்லாம் மாறிவிட்டன என்று அர்த்தம். பெட்டி ஒரு வூஃபருக்குச் செய்தது, உள்ளே இருப்பது வேறு வூஃபர். “நுரை மட்டும், கூம்பைத் தொடக் கூடாது” என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கெபாசிட்டர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் எலக்ட்ரோலிட்டிக் வகை இருந்தால், அதன் உள்ளே உள்ள திரவம் காலப்போக்கில் காய்ந்து மதிப்பு தடம் மாறும். உச்ச ஒலி மங்கும். ஃபிலிம் வகை இருந்தால் தொட வேண்டாம். மாற்ற வேண்டியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் மாற்றினால் போதும், சில நூறு ரூபாய் வேலை. பழைய எலக்ட்ரோலிட்டிக்கின் உள் மின்தடை ஃபிலிம் வகையில் இருக்காது. எனவே மாற்றிய பின் ட்வீட்டர் கொஞ்சம் துடுக்காகத் தெரிந்தால், தொடரில் ஒரு சிறு மின்தடை சேர்ப்பது வழக்கம். ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்க எழுத்துப் போட்ட கெபாசிட்டர் வாங்கச் சொல்பவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நுரையும் கெபாசிட்டரும் போனால் போகட்டும். ட்ரைவர் போனால்தான் பேரிழப்பு. அதனால் விலை பேசும் முன்பு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இதன் வயது என்ன என்பதில்லை. இதன் ட்வீட்டர் நாளை எரிந்தால் யார் தருவார் என்பதுதான். நார்வேயின் சீயாஸ், டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக் போன்ற ட்ரைவர் நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்திய ஸ்பீக்கர் என்றால் அதே ட்ரைவரோ நெருங்கிய உறவோ கிடைக்க வாய்ப்பு உண்டு. எல்எஸ்3/5ஏவின் அதிர்ஷ்டம் இன்னும் பெரியது. அதன் இரு ட்ரைவர்களையும் கெஃப்பில் இருந்தபோது வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் 1972இல் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம், அவற்றைப் பழைய முறைப்படியே மறுபடியும் செய்கிறது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் ஜிம் தீல் (நெவில் தீலுக்கும் இவருக்கும் உறவில்லை) தன் ஸ்பீக்கர்களுக்கான ட்ரைவர்களைத் தானே வடிவமைத்தவர். கேட்டால் மெய்ம்மறக்க வைக்கும் ஸ்பீக்கர்கள். அவர் 2009இல் காலமானார், நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. இன்று அவை நல்ல விலைக்குக் கிடைக்கின்றன என்றால் அந்த விலைக்குள் இந்தச் செய்தியும் அடக்கம்.

யமஹா 1974இல் கொண்டுவந்த என்எஸ்-1000எம் இன்னும் தீவிரமான உதாரணம். அதன் நடு ஒலி ட்ரைவருக்கும் ட்வீட்டருக்கும் பெரிலியம் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்து, கூம்புக்குப் பதிலாக அதிரும் குமிழ் செய்தார்கள். அன்றைக்கு அது யாரும் நினைத்துப் பார்க்காத வேலை. குமிழ்கள் முழுதாக இருக்கும் ஜோடி கிடைத்தால் அதிர்ஷ்டம். குமிழ் நசுங்கியோ உடைந்தோ இருந்தால், பெட்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்; உடைந்த பெரிலியத்தின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு, விரலால் தடவிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. அதன் முகப்பில் உள்ள ஒலி அளவுத் திருகிகளைச் சுழற்றும்போது கரகரத்தால் பயப்படாதீர்கள், உள்ளே தொடுமுனைகளில் களிம்பு ஏறியிருக்கும், சுத்தம் செய்தால் போய்விடும்.

குவாட் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த நிலைமின் ஸ்பீக்கர் மீதும் பலருக்குக் காதல் உண்டு. கூம்பே கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றத்தில் அதிரும். மனிதக் குரலை அதில் கேட்டவர்கள் லேசில் மறப்பதில்லை. ஆனால் தூசியும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். புதுத் தகடுகள் ஜெர்மனியில் இன்றும் செய்கிறார்கள். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டில் வசித்துக்கொண்டு அதை வாங்குபவருக்கு என் வாழ்த்துகள் மட்டும்.

பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான்: டார்ச், மல்டிமீட்டர், நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டு. பகலில் போங்கள். முதலில் இரு பெட்டிகளின் வரிசை எண்களும் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பின்பக்கம் பாருங்கள். திருகாணித் தலைகளில் தேய்மானம் இருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்; தவறில்லை, என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் காயில் கோணியிருக்கிறது, அல்லது யாரோ பெட்டியைத் தொப்பென்று போட்டதில் காந்தம் இடம் நகர்ந்திருக்கிறது. முழுக்க மூடிய பெட்டியானால் இன்னொரு சோதனை உண்டு: கூம்பை அழுத்தி விட்டதும் அது சோம்பலாகத் திரும்பி வர வேண்டும், சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று கசிகிறது.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பின்முனைகளில் தொட்டால், 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஆறுக்குச் சற்று முன்பின்னாகக் காட்டும். இதை வைத்து எல்லாம் நலம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ட்வீட்டரின் வழியில் கெபாசிட்டர் இருப்பதால் மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் அளந்தது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டருக்குக் காதுதான் மீட்டர். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டை மோனோவில் போட்டு, ஒன்றை மாற்றி ஒன்றாகக் கேளுங்கள். தம்புரா சுருதி இதற்கு மிகவும் உகந்தது. தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலால் எழும் அந்த மினுமினுப்பு ஒரு பெட்டியில் தெரிந்து இன்னொன்றில் மழுங்கியிருந்தால் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம், ட்வீட்டரின் இடுக்கில் ஊற்றியிருக்கும் காந்த எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கலாம், ட்வீட்டரே போயிருக்கலாம். எது என்று தெரியும்வரை மிக மோசமானது நடந்திருப்பதாக வைத்து விலை பேசுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இருக்காத சிலவற்றையும் நாம் பார்த்தாக வேண்டும். பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது என்று தெரியுமல்லவா? தண்ணீர் குடித்த துகள்பலகை ஊறி உப்பும், காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேலே புது வெனீர் ஒட்டி மெருகேற்றினாலும் அடி விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். காற்றுக்குழாய்க்குள் டார்ச் அடித்தால் கரப்பான் குடும்பம், எலி கொறித்த பஞ்சு, சில சமயம் கரையான் மண் எல்லாம் தரிசனம் தரும். கரையான் பார்த்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் வீட்டு நிலைக்கதவு அதைவிட விலை அதிகம்.

ஆம்ப்ளிஃபயரையும் யோசிக்க வேண்டும். 1980களின் சில பிரமாண்ட ஸ்பீக்கர்கள் மின்சாரத்தைக் குடிப்பதில் ராட்சசர்கள். அபோஜி நிறுவனத்தின் சின்டில்லா ஒரே ஒரு ஓம் சுமை தரும் (ஓம் குறையக் குறைய மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும்). சாதாரண ஆம்ப்ளிஃபயர் அதன் முன் மண்டியிட்டுவிடும். மலிவாகக் கிடைக்கும் பழைய ராட்சசனுக்குத் தீனி போட, ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு விலைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

புதுசு வாங்க வேண்டிய இடங்களும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில், மேசை மேலோ அலமாரியிலோ வைக்கச் சின்ன ஜோடி வேண்டுமென்றால் நான் பழசைத் தேடிப் போக மாட்டேன். கெஃப் 2012இல் கொண்டுவந்த எல்எஸ்50, பழைய எல்எஸ்3/5ஏவை மனதில் வைத்துச் செய்தது. கூம்பின் நடுவிலேயே ட்வீட்டரைப் பதித்திருப்பதால் பக்கவாட்டிலும் ஒலி சீராகப் பரவும், 1970களில் இந்த அளவுக்குச் செய்ய வழியில்லை. சின்னப் பெட்டியில் கணினி வடிவமைப்பின் பலன் நேரடியாகக் காதுக்கு வருகிறது, அதற்குக் கேட்கும் விலையும் அநியாயமில்லை. இதைத் தவிர, நேரம் இல்லாதவர்கள், உரசல் சத்தம் கேட்டால் தூக்கம் போகிறவர்கள், திருகுளியைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள் தாராளமாகப் புதுசு வாங்கட்டும். உத்தரவாத அட்டைக்கும் ஒரு விலை உண்டு, அது நியாயமான விலைதான்.

பேரம் முடிந்தபின் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பல ஸ்பீக்கர்கள் சாகின்றன. கனத்த காந்தங்களைச் சட்டத்தோடு பிடித்துவைத்திருப்பது வெறும் பசை. முப்பது ஆண்டுப் பசை ஒரு வேகத்தடையைத் தாங்காமல் விட்டுவிடலாம். ‘குட்டி யானை’ வண்டியை அமர்த்தினால், அடியில் பழைய மெத்தையைப் போட்டு, ட்வீட்டர் முகத்துக்கு நேராக அட்டை வைத்துக் கட்டி, இன்னொருவரோடு நீங்களும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். பார்சல் சர்வீஸில் போடுவதானால் நிறுவனம் கொடுத்த அசல் அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் இருந்தால் மட்டுமே போடுங்கள். விற்பவர் பெரும்பாலும் “அதெல்லாம் எப்போதோ போட்டாயிற்று” என்பார். பரணில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், பாதி நேரம் அங்கேதான் இருக்கும். கிடைத்தால் பத்திரமாக உங்கள் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து நீங்களும் இதை விற்பீர்கள், வாங்கிய விலைக்குக் கொஞ்சம் முன்பின்னாக. அன்றைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்த அட்டைப்பெட்டியைத்தான்.